வாவிக்கரைக் குரலிற் பழைய நாவல்கள்: தொண்டர் ஒலிப்பதிவு பற்றிய ஒரு நோக்கு

1. முன்னுரை

தமிழில் நாவல் என்னும் இலக்கியவகை அச்சோடு வந்தது. காவியமும் புராணமும் கூத்தும் பாடவும் படிக்கவும் ஆடவும் என ஆக்கப்பட்டவை. அவை செவிவழியாகவே மக்களைச் சென்றடைந்தன. நாவலாசிரியரோ தனித்திருந்து நூலை விரித்துக் கண்ணால் வாசிக்கும் ஒருவரை மனத்திற் கொண்டே எழுதினார். ஆயினும் அச்சில் வந்த கதையும் நெடுங்காலம் மௌன வாசிப்புக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. எழுத்தறிந்தவர் ஒருவர் திண்ணையில் அமர்ந்து வாசிக்க, வீட்டாரும் அயலாரும் சூழவிருந்து கேட்டல் எழுத்தறிவு பரவாத காலத்து வழக்கம். அவ்வழக்கம் இன்று வேறோர் உருவில் மீண்டுள்ளது. பதிப்புரிமைக் காலம் கடந்த நாவல்களைத் தொண்டர்கள் ஊதியம் பெறாது வாசித்து ஒலிப்பதிவு செய்து, எவரும் விலையின்றிக் கேட்குமாறு இணையத்தில் வைக்கின்றனர்.

இம்முயற்சியை மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வாழும் தமிழ் பேசும் மக்கள் தமதாக்கிக் கொள்வது எவ்வாறு, அதற்குத் துணையாவன எவை, தடையாவன எவை என்பனவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். கருவிகள் இன்று எளியனவாகிவிட்டன. கைத்தொலைபேசியே ஒலிப்பதிவுக் கருவியாகவும் உதவுகின்றது. ஆதலின் கருவியினும் குரலையும் காலத்தையும் பற்றியே நாம் மிகுதியாகப் பேச வேண்டியுள்ளது.

2. பேசும் நூலின் வரலாறு

எடிசன் 1877 இல் ஒலியைப் பதிந்து மீள ஒலிக்கும் கருவியை ஆக்கினார். அடுத்த ஆண்டே அதன் பயன்களை எண்ணி எழுதியபோது, பார்வையற்றோருக்குத் தானே பேசும் நூலையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தார். எனினும் அன்றைய கருவி சில நிமிடப் பேச்சையே தாங்கியது. ஒரு நாவலை அதில் அடக்க இயலவில்லை. நெடுநேரம் ஒலிக்கும் இசைத்தட்டு உருவான பின்னரே 1930களில் அவ்வெண்ணம் செயலாயிற்று. அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் பேசும் நூலகங்கள் தோன்றின. முதலாம் உலகப்போரிற் கண்ணிழந்த படைவீரரின் தேவை இதற்கு ஒரு தூண்டுகோலாக இருந்தது. பிரித்தானிய நூலகம் 1935 இல் முதன்முதல் வெளியிட்டவற்றுள் யோசப் கொன்ராட்டின் கடற்கதை ஒன்றும் இடம்பெற்றது. 1948 இல் நியூயோர்க் நகரில் ஆன் மக்டொனால்ட் என்னும் அம்மையார் தொண்டர்களைத் திரட்டினார். இரண்டாம் உலகப்போரிற் பார்வையிழந்து கல்லூரி சென்ற படைவீரருக்காக அவர்கள் பாடநூல்களை வாசித்துப் பதிந்தனர். ஊதியமின்றி வாசிக்கும் தொண்டு ஓர் அமைப்பாக வளர்ந்தமைக்கு இது தக்க சான்றாகும்.

இசைத்தட்டைத் தொடர்ந்து ஒலிநாடாவும் குறுந்தட்டும் வந்தன. இணையம் பரவிய பின் 2005 ஓகத்து மாதத்தில், கனடாவின் மொன்றியல் நகரைச் சேர்ந்த ஹியூ மக்குவையர் 'லிப்ரிவொக்ஸ்' என்னும் தொண்டர் அமைப்பைத் தொடங்கினார். அவ்வமைப்பும் கொன்ராட்டின் நாவலொன்றையே முதலில் எடுத்துக்கொண்டமை தற்செயலான பொருத்தம். இன்று அங்குப் பல மொழிகளில் ஆயிரக்கணக்கான நூல்கள் ஒலிவடிவில் உள்ளன. தமிழ்ப் பதிவுகளும் இடம்பெற்றுள்ளன. ஆயின் ஆங்கிலத்தோடு ஒப்பிடுமிடத்து அவை மிகச் சில.

தமிழில் இத்தகைய கூட்டுத்தொண்டு எழுத்துவடிவில் முன்னரே வேரூன்றியது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்திற் பல நாடுகளில் வாழும் தமிழர் பழைய நூல்களைத் தட்டெழுதியும் மெய்ப்புப் பார்த்தும் இணையத்தில் ஏற்றினர். 2005 இல் தோன்றிய நூலகம் திட்டம் இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவிற் பாதுகாக்கின்றது. வாசிப்பதற்கு வேண்டிய மூலபாடம் இவற்றால் நமக்கு எளிதிற் கிடைக்கின்றது. மூலபாடம் எழுத்தில் உளது. அதற்குக் குரல் கொடுப்பதே எஞ்சியுள்ள பணி.

3. தொண்டர் செயன்முறை

இம்முறையின் அமைப்பு எளியது. ஒருவர் நூலொன்றைத் தெரிந்து அதன் பொறுப்பை ஏற்பார். நூலை அதிகாரங்களாகப் பகுத்து, முன்வருவோருக்கு ஒவ்வொன்றாக வழங்குவார். சிறு நூலாயின் ஒருவரே முழுவதையும் வாசிப்பதும் உண்டு. வாசித்த பகுதியை மற்றொருவர் நூலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார். விடுபட்ட சொல், இருமுறை வந்த தொடர், இடையில் எழுந்த இரைச்சல் ஆகியவற்றைக் குறித்துக் கொடுப்பார். திருத்திய பின் நூல் பொதுவுடைமையாக வெளியிடப்படும். குரற்பரீட்சை வைத்து எவரையும் விலக்குவதில்லை என்பது லிப்ரிவொக்ஸ் கைக்கொண்ட நெறி. வாசிப்பவர் தமக்கென உரிமை எதனையும் வைத்துக்கொள்வதில்லை.

இதற்கு ஆகும் உழைப்பையும் கணக்கிடல் வேண்டும். நிமிடத்துக்கு நூறு சொல் வாசிப்பதாகக் கொள்வோம். ஐம்பதினாயிரம் சொற்கொண்ட நாவல் 500 நிமிடம், அதாவது எட்டு மணித்தியாலத்துக்கு மேல் நீளும். கேட்டுத் திருத்துபவர்க்கும் குறைந்தது அதேயளவு நேரம் வேண்டும். தடுமாறிய இடங்களை மீள வாசித்தலும் ஒட்டுதலும் இவற்றின் வேறாகும். வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடியவர் பத்துப்பேர் சேர்ந்தால் சில வாரங்களில் ஒரு நாவலை முடித்துவிடலாம். ஒருவரே முயன்றால் இடையில் நின்றுபோதல் எளிது. கூட்டாகச் செய்தல் இங்கு ஒரு வசதி மட்டுமன்று. பணி நிறைவெய்துவதற்கே அது நிபந்தனையாகும்.

4. வாவிக்கரையின் வாசிப்பு மரபு

வாசிப்பவர், கேட்பவர், திருத்துபவர் என்னும் இப்பகுப்பு மட்டக்களப்புக்குப் புதியதன்று. வைகாசி மாதத்திற் கண்ணகியம்மன் கோயில்களிற் சடங்கு நிகழும்போது கண்ணகி வழக்குரை படிக்கப்படுகின்றது. காரைதீவு, தம்பிலுவில், ஆரையம்பதி, செட்டிபாளையம் முதலிய ஊர்களில் இம்மரபு போற்றப்படுவது. ஏட்டிலிருந்து காதை காதையாகப் படித்து வரும் நாட்கள் திருக்குளிர்த்தியோடு நிறைவெய்தும். இந்நூலை ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்து 1968 இல் வெளிக்கொணர்ந்தவர் பண்டிதர் வி. சீ. கந்தையா. ஏட்டில் எழுத்துப்பிழை மலிந்திருந்தபோதும் நூலின் ஓசை பிறழாமற் காத்தவர் தலைமுறை தலைமுறையாகப் படித்துவந்தோரே. படிப்பவர் தவறினால் அருகிருந்து கேட்கும் முதியவர் திருத்துவார். இணையத் தொண்டர் 'கேட்டுத் திருத்துபவர்' எனக் குறிப்பிடும் பணியை அம்முதியவர் பெயரின்றியே ஆற்றிவந்தார்.

பாண்டிருப்புத் திரௌபதையம்மன் கோயிலில் விழாக்காலத்திற் பாரதம் படித்தல் இவ்வகையில் மற்றொன்று. இஸ்லாமியர் நடுவே சீறாப்புராணம் முதலியவற்றை இசையோடு படித்தலும் கேட்டலும் வழங்கிவந்தன. இவையாவும் செய்யுள் வாசிப்பு. உரைநடையை வாய்விட்டு வாசித்தற்கு முன்மாதிரி வேண்டின், கத்தோலிக்கரின் தவக்கால வழக்கத்தை நோக்கலாம். 18 ஆம் நூற்றாண்டில் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இயற்றிய வியாகுலப் பிரசங்கம் உரைநடையில் ஆயது. தவக்காலத்தில் அது ஒருவகை ஒப்பாரியோசையோடு ஆலயங்களில் வாசிக்கப்பட்டு வந்துள்ளது. நெடிய உரைநடை வாக்கியத்தை எங்கே நிறுத்துவது, எங்கே எழுப்புவது, எங்கே தாழ்த்துவது என்னும் கலை அவ்வாசிப்பிற் செம்மையுற்றிருந்தது.

கூத்தின் பயிற்சி முறையும் நோக்கத்தக்கது. அண்ணாவியார் ஏட்டைத் தம்மிடம் வைத்துக்கொண்டு ஒவ்வொருவர்க்கும் உரிய பாத்திரத்தைப் பகிர்ந்தளிப்பார். இதனைச் சட்டங்கொடுத்தல் என்பர். குரலும் ஆற்றலும் அறிந்து பகுதி வழங்கும் அவ்வறிவு, பலர் கூடி ஒரு நாவலை வாசிக்குமிடத்து அப்படியே பயன்படும்.

ஒலியைப் பதிந்து காக்கும் எண்ணமும் இவ்வாவிக்கு அயலானதன்று. கல்லடிப் பாலத்தருகே நிலவொளி இரவுகளிற் கேட்கும் 'பாடும் மீன்' ஒலியை, 1950களில் லாங் அடிகளார் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கிப் பதிந்தார். அது 1960களில் இலங்கை வானொலியில் ஒலித்தது. நீரின் ஒலியைக் காக்க அன்று எடுத்த முயற்சியின் ஒரு பங்கையாயினும் கரையில் வாழ்வோரின் வாசிப்பொலிக்கு நாம் அளித்தல் தகும்.

5. நாவலை உரக்க வாசித்தலின் இடர்ப்பாடுகள்

செய்யுளை வாசிப்பவர்க்கு யாப்பு வழிகாட்டும். சீரும் அடியும் மூச்செடுக்கும் இடத்தைச் சொல்லிவிடும். உரைநடைக்கு அத்தகைய துணையில்லை. 1879 இல் வெளிவந்த வேதநாயகம்பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' போன்ற தொடக்ககால நாவல்களில் வினையெச்சங்கள் ஒன்றையொன்று தொடர, முற்றுவினை வெகுதொலைவிற்குப் பின்னரே வரும். அத்தகைய வாக்கியம் ஒன்றை முதன்முறை உரக்க வாசிக்கப் புகுந்தபோது நாம் மூச்சு முட்டி நடுவில் நின்றதுண்டு. கண்ணுக்கு நேரிதாகத் தோன்றிய தொடர் நாவுக்கு நெடியதாயிற்று. வாசிக்குமுன் பென்சிலால் நிறுத்தற் குறியிட்டுக் கொள்ளுதலே இதற்குப் பரிகாரம். ஏடு படித்தோர் முற்கூட்டியே தனியிருந்து ஒருமுறை படித்துப் பார்த்துக் கொண்டதும் இக்காரணம் பற்றியே.

இரண்டாவது இடர்ப்பாடு எழுத்தைப் பற்றியது. தமிழ் நெடுங்கணக்கு வல்லெழுத்தின் ஒலிவேறுபாட்டைக் காட்டுவதில்லை. 'பாவம்' என்னும் எழுத்துருவம் தீவினையையும் குறிக்கும். நாட்டியத்தில் வரும் மெய்ப்பாட்டையும் குறிக்கும். கண்ணால் வாசிப்பவர் பொருளை உணர்ந்து கடந்து செல்வார். நாவால் வாசிப்பவர் ஏதேனும் ஒன்றைத் தெரிந்தே ஆகவேண்டும். பிறமொழிப் பெயர்கள் மலிந்த நாவலில் இத்தெரிவு பக்கந்தோறும் நேரும். சித்திலெப்பையின் 'அசன்பேயுடைய கதை' 1885 இல் வெளிவந்தது; கெய்ரோவிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் நிகழ்வது. அதில் வரும் அரபுப் பெயர்களை எழுத்துக்கூட்டி வாசித்தால் ஓரொலி, அறிந்து வாசித்தால் மற்றோரொலி. இங்குக் காத்தான்குடி, ஏறாவூர் முதலிய ஊர்களின் முஸ்லிம் வாசகர் துணை இன்றியமையாதது. ஒரு நூலுக்குரிய குரல் ஒரு சமூகத்தில் மட்டும் இராது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மூன்றாவது உரையாடல். இராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வந்தது. மதுரைப் பக்கத்துச் சிற்றூரொன்றின் பேச்சு அதன் உயிர். வாவிக்கரையினர் ஒருவர் அதனை வாசிக்கும்போது மதுரைப் பிராமணர் பேச்சை நடித்துக்காட்ட வேண்டுமா? வேண்டா என்பதே நம் கருத்து. நடித்த பேச்சு விரைவில் நகைப்புக்கு இடமாகும். ஒரு சமூகத்தைக் கேலிசெய்வதுபோலவும் தோன்றும். எழுதியுள்ள சொல்லை மாற்றாது, தம் இயல்பான ஒலிப்பில், வேகத்தையும் அழுத்தத்தையும் மட்டும் வேறுபடுத்தி வாசித்தல் போதும். கல்கியின் நாவல்களைப் பம்பாய் கண்ணன் பல குரல்களைக் கொண்டு ஒலிநூல்களாக ஆக்கியமை தமிழுலகம் அறிந்தது. அது நாடகநெறி, அதற்குரிய பயிற்சியும் பொருளும் வேறு. தொண்டர் வாசிப்பு கதையைச் சொல்லும் நெறி.

பார்வையற்ற நண்பர் ஒருவர்க்கு நாம் நாவற்பகுதியொன்றை வாசித்துக் காட்டியபோது இவ்வுண்மை மேலும் தெளிவாயிற்று. நாம் பாத்திரந்தோறும் குரலை மாற்ற முயன்றோம். யார் பேசுகின்றார் என்பதை வாக்கியமே சொல்லிவிடுகின்றது. தமக்கு வேண்டியது தெளிவும் ஒரே சீரான வேகமுமே என அவர் கூறினார். பக்க எண்ணையும் அதிகாரத் தலைப்பையும் விடாது சொல்லுமாறும் கேட்டுக்கொண்டார். பரீட்சைக்குப் படிப்பவர்க்கு ஒரு மேற்கோளை மீளத் தேடியெடுக்கும் வழி அதுவன்றி வேறில்லை. பிரெயில் எழுத்தில் ஒரு நாவல் பல தொகுதிகளாகப் பெருத்துவிடும்; ஒலிநூலோ சட்டைப்பைக்குள் அடங்கும். ஆயின் அடங்கினால் மட்டும் போதாது. வேண்டிய இடத்தைத் திறந்துகொள்ளவும் இயலவேண்டும்.

6. குரலும் பேச்சுவழக்கும்

வானொலிச் செய்தி வாசிப்போரின் குரலே தூய குரல் என்றும், ஊர்ச்சாயல் படிந்த குரல் ஒலிநூலுக்கு ஆகாது என்றும் எண்ணுவோர் உளர். இவ்வெண்ணம் பலரை ஒலிவாங்கியின் முன் வரவிடாது தடுக்கின்றது. மொழியியலார் கருத்து இதற்கு நேர்மாறானது. செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில், தமிழின் பேச்சுவழக்குகள் அனைத்துள்ளும் இலக்கிய வழக்கோடு மிக நெருங்கியது மட்டக்களப்புப் பேச்சே எனக் கருதினார். ஏனைய இடங்களில் மறைந்த பழைய கூறுகள் சில இங்கு நின்று நிலவுகின்றன. 'ற்ற' என்பதை ஈழத்தவர் ஒலிக்கும் முறை, தமிழ்நாட்டிற் பெரும்பாலும் வழக்கொழிந்த பழைய ஒலிப்பைக் காத்துவருகின்றது. ஆதலின் பழைய நாவல்களை இக்கரையினர் தம் ஒலிப்பில் வாசித்தல் குறையாகாது. கடல்கடந்தும் இலங்கை வானொலியின் தமிழைத் தமிழ்நாட்டார் விரும்பிக் கேட்ட காலத்தை நினைப்பின், அங்குள்ள செவிகளுக்கும் இக்குரல் அயலன்று என்பது விளங்கும்.

எழுத்தால் காட்டவியலாத ஒன்றையும் ஒலிப்பதிவு காக்கும். 'மறுகா', 'ஒள்ளுப்பம்', 'மனே', 'கிறுகி' முதலிய சொற்களை அகராதியிற் பொருளோடு பதிந்துவைக்கலாம். ஆயின் விளிப்பின் ஈற்றில் வரும் 'கா' என்னும் இடைச்சொல் ஓரிடத்தில் அன்பையும் ஓரிடத்திற் சலிப்பையும் ஓரிடத்தில் எச்சரிக்கையையும் உணர்த்துமாறு எந்த அகராதியிலும் இல்லை. அது குரலின் ஏற்ற இறக்கத்தில் மட்டுமே உள்ளது.

கணினியே தமிழ் எழுத்தை வாசித்துக் காட்டும் இந்நாளில் மனிதர் ஏன் வருந்தி வாசிக்க வேண்டும் என்னும் வினாவும் எழும். நாளைய பரீட்சைக்கான குறிப்பை இன்றிரவே கேட்க விழையும் மாணவர்க்கு இயந்திரக்குரல் பேருதவி. அதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் ஊர்ப்பேச்சில் எழுதிய உரையாடலின் தொனியை அவ்வூரார் வாயிலாகக் கேட்டாலன்றி அறியவியலாது. இயந்திரத்தைப் பயிற்றுவதற்கும் முதலில் மனிதர் வாசித்த பதிவே வேண்டும்.

7. எந்நூல்கள்?

இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டத்தின்படி, ஆசிரியர் வாழ்நாளும் அவர் மறைந்தபின் எழுபது ஆண்டும் பதிப்புரிமை நிலவும். இந்தியாவில் இது அறுபது ஆண்டு. எனவே 19 ஆம் நூற்றாண்டில் வெளிவந்த முதல்நிலை நாவல்களை எவ்விதத் தடையுமின்றி வாசிக்கலாம். மேற்கூறிய 'அசன்பேயுடைய கதை'யோடு, 1891 இல் வெளிவந்த இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை'யும், 1895 இல் வெளிவந்த சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி'யும் இவ்வகையின. சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலையிற் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் நூலகராக விளங்கியவர். தமிழின் முதல் வரலாற்று நாவல் எனக் கூறப்படும் இந்நூல், பின்னர் 'சொக்கநாத நாயக்கர்' என்ற பெயரிற் சுருக்கப்பட்டுப் பாடநூலாகவும் வழங்கியது. மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்' 1898 இல் வந்தது. ஆசிரியர் 1925 இல் மறைந்தார். கிழக்கிலங்கையின் குரலில் ஒலிக்கத்தக்க முதல் வரிசை இதுவெனலாம்.

8. உரிமைக்காலமும் மனித ஆயுளும்

இங்குத்தான் இம்முயற்சியின் முதன்மையான சிக்கலை நாம் எதிர்கொள்கின்றோம். தடையின்றி வாசிக்கக்கூடிய நூல்கள் பெரும்பாலும் கெய்ரோவையும் மதுரையையும் திருச்சிராப்பள்ளியையும் களமாகக் கொண்டவை. கிழக்கிலங்கையின் வயலையும் வாவியையும் கடலையும், அங்கு வாழ்வோர் பேச்சையும் கொண்டெழுந்த நாவல்கள் 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னரே பெருகின. 1934 இல் வெளிவந்த ஏரம்பமூர்த்தியின் 'அரங்கநாயகி'யும் வோல்ற்றர் ஸ்கொட்டின் நாவலொன்றைத் தழுவியதென்பர் இலக்கிய வரலாற்றாசிரியர். மண்ணின் பேச்சோடு எழுதிய பிற்காலத்தாரின் நூல்கள் இன்னும் உரிமைக் காலத்துக்குள்ளேயே உள்ளன.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். மூதூரைச் சேர்ந்த வ. அ. இராசரத்தினம் கிழக்கின் மீனவர் வாழ்வையும் உழவர் வாழ்வையும் எழுதிப் புகழ்பெற்றவர். 2001 இல் மறைந்தார். சட்டக் கணக்கின்படி அவருடைய நூல்கள் 2071 ஆம் ஆண்டு கழிந்த பின்னரே பொதுவுடைமையாகும். அவர் எழுதிய காலத்துப் பேச்சை இளமையிற் கேட்டு வளர்ந்தவர் இன்று அறுபது, எழுபது வயதினர். 2072 இல் அந்நூலை எவரும் கேளாமலே பதிவு செய்யலாம். ஆயின் அப்பேச்சைப் பிறவிச் செல்வமாகப் பெற்றவர் எவரும் அன்று இருக்கமாட்டார். நூல் காத்திருக்கும், குரல் காத்திராது.

சட்டத்தைக் குறைகூறல் நம் நோக்கமன்று. எழுத்தாளர் குடும்பத்தின் உரிமை மதிக்கத்தக்கது. ஈழத்து எழுத்தாளர் பலர் தம் நூலாற் பெரும்பொருள் ஈட்டியதுமில்லை. அவ்வுரிமையைக் கடத்தலின்றி, அதனை உடையவரிடம் சென்று கேட்பதே நெறி. பொதுவுடைமையாக விட்டுக்கொடுக்க மனமில்லாதவரும், பதிவுசெய்து காப்பகத்தில் வைக்கவும் பார்வையற்றோர்க்கு மட்டும் வழங்கவும் இசையக்கூடும். பார்வைக் குறைபாடுடையோர் பயன்பாட்டுக்கென அணுகத்தக்க பிரதிகளை ஆக்குவதற்கு வழிவகுத்த மராகேஷ் உடன்படிக்கை 2013 இல் உருவானது. இந்தியா 2014 இலும் இலங்கை 2016 இலும் அதில் இணைந்தன. எனவே வெளியிடுவதையும் பதிவதையும் இருவேறு செயல்களாகப் பிரித்துக் காணல் வேண்டும். வெளியிடுதல் பின்னர் நிகழலாம். பதிதல் இன்றே நிகழவேண்டும்.

தாமதத்தின் விலை இப்பிரதேசத்தார் அறியாததன்று. 1978 நவம்பர் 23 ஆம் நாளின் சூறாவளியும், 2004 திசெம்பர் 26 ஆம் நாளின் ஆழிப்பேரலையும், அவற்றினிடையே நீண்ட போர்க்காலமும் வீடுகளோடு வீட்டிலிருந்த ஏடுகளையும் நூல்களையும் நாடாக்களையும் கொண்டுபோயின. எழுத்தில் உள்ளவற்றிற்கே இந்நிலையாயின், நாவில் மட்டும் உள்ளதற்கு உறுதி ஏது?

9. செய்யத்தக்கன

இனிச் செயலுக்கு வேண்டிய சிலவற்றைத் தொகுத்துரைப்போம்.

முதலாவது இடமும் காலமும். பதிவறை கட்டப் பொருள் இல்லையாயினும் சேலைகளும் போர்வைகளும் தொங்கும் சிறிய அறை எதிரொலியை அடக்கும். மின்விசிறியை நிறுத்திவிடல் வேண்டும். மாரியில் ஓட்டிலும் தகரத்திலும் விழும் மழையொலி பதிவைக் கெடுக்கும். கச்சான் காற்று வீசும் நாட்களிற் சாளரம் அடிக்கும். காகங்கள் கரையத் தொடங்குமுன் உள்ள விடியற்பொழுதே வாய்ப்பானது. அறையில் எவரும் பேசாத சில விநாடி மௌனத்தையும் பதிந்துவைத்தால், வெட்டி ஒட்டும்போது அது பயன்படும்.

இரண்டாவது இணைவாசிப்பு. முதியவர் ஒருவரும் மாணவர் ஒருவரும் ஒன்றாக அமர்தல் நன்று. கருவியை மாணவர் இயக்குவார். ஒலிப்பை முதியவர் திருத்துவார். கண்பார்வை மங்கியதால் வாசிக்கவியலாத முதியவர்க்கு மாணவர் தொடரைப் படித்துச் சொல்ல, அவர் தம் வாயாற் சொல்லிப் பதியவும் கூடும். ஏட்டு மரபில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர் பாடியதும் இவ்வாறே.

மூன்றாவது குறிப்பு. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் நூலின் பெயர், ஆசிரியர், பயன்படுத்திய பதிப்பின் ஆண்டு, அதிகாரம் என்பன சொல்லப்படல் வேண்டும். வாசிப்பவர் விரும்பின் தம் ஊரையும் கூறலாம். ஐம்பது ஆண்டு கழித்து ஆராய்பவர்க்கு அவ்வொரு சொல் பெருந்துணையாகும்.

நான்காவது பாதுகாப்பு. ஒரே கைத்தொலைபேசியில் உள்ள பதிவு, பதிவு எனப்படாது. வெவ்வேறு இடங்களில் மூன்று பிரதிகளேனும் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று வாவிக்கரைக்கு அப்பால் இருத்தல் நலம். பள்ளி, பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கம், பொதுநூலகம், இணையக் காப்பகம் ஆகியன தம்முள் இதனைப் பகிர்ந்துகொள்ளலாம்.

10. முடிவுரை

பழைய நாவல்களைத் தொண்டர் வாசித்துப் பதியும் முறை வெளியிலிருந்து வந்த கருவிகளைக் கொண்டதாயினும், அதன் உள்ளீடு வாவிக்கரை மக்கள் நெடுங்காலம் போற்றிய ஒன்று. வழக்குரை படித்தவர், வியாகுலப் பிரசங்கம் வாசித்தவர், சட்டங்கொடுத்த அண்ணாவியார் ஆகியோர் கூலிக்காகச் செய்யவில்லை, ஊருக்காகச் செய்தனர். அம்மரபின் அறிவை நாவலுக்கு ஏற்றுதலே நம்முன் உள்ள பணி.

உரிமை கடந்த நூல்களில் தொடங்கி வாசிப்புப் பயிற்சி பெறுவோம். அப்பயிற்சி முற்றுவதற்குள் உரிமையுள்ள நூல்களுக்கு இசைவு கேட்டு எழுதிவிடுவோம். இசைவு வரும்வரை முதியோர் வாய்மொழியை அவர்தம் சொந்தக் கதைகளிலேனும் பதிந்து வைப்போம். பார்வையற்ற மாணவர் ஒருவர் தம் பாடநாவலைத் தம் ஊர்க்குரலிற் கேட்டுப் பரீட்சைக்கு ஆயத்தமாவாராயின், இத்தொண்டின் முதற்பயன் அன்றே கிட்டிவிடும். எஞ்சிய பயன் வருங்காலத்தாருக்கு உரியது. அவர்கள் நம் காலத்து நூல்களைக் கண்ணாற் காண்பர் என்பதில் ஐயமில்லை. காதாற் கேட்பரோ என்பது நாம் இவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் செய்வதைப் பொறுத்தது.